வீராணத்தில் தூண்டில் போட்ட கதை

சென்னைவாசிகளுக்கு வீராணம் ஏரியைப் பற்றித் தெரிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, அது எங்கேயோ தெற்கே இருக்கிறது என்பது. மற்றொன்று, அது வற்றினால் நகரத்தில் பல வீடுகளில் குடம் காலியாகிவிடும் என்பது. நாமும் சென்னைவாசிதான். 2004-ஆம் ஆண்டில் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வரத் தொடங்கிய நாள் முதல் அதைக் குடித்து வருகிறோம். ஆனால் ஒரு நாளாவது அந்த ஏரியை நேரில் போய்ப் பார்த்தோமா என்றால், இல்லை.

ஏரிக்கரையிலேயே பிறந்து ஏரிக்கரையிலேயே பயிர் செய்து வாழும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் நம்முடன் படித்தவர். விடுதியில் அவருக்கு "ஏரிக்கரையார்" என்றே பெயர். பட்டம் பெற்றதும் நாம் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அவர் வயலுக்குப் போனார். நம்மில் யார் புத்திசாலி என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அவர் சென்ற ஐப்பசி மாதத்தில் டெலிபோனில் கூப்பிட்டு, "இருபது வருஷமாய் எங்கள் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறாய், வாத்தியாரே! ஒரு நாள் வந்து அதற்கு முகம் காட்டக் கூடாதா? தூண்டில் போடலாம், வா" என்றார். இதற்கு மேல் மறுத்தால் நன்றி கெட்டவன் என்ற பட்டம் வந்து சேரும். ஏற்கெனவே ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறோம். ஆகையால் ஒரு சனிக்கிழமை இரவு பஸ் ஏறினோம்.

விடியற்காலையில் சேத்தியாத்தோப்பில் இறங்கியபோது நண்பர் தம்முடைய மோட்டார் சைக்கிளுடன் காத்திருந்தார். கல்கி அவர்கள் 1950-ல் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' கதையின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரை ஏறி வருவது இந்த ஏரிக்கரையில்தான் என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த வீரனுடைய குதிரை களைத்திருந்தது. நம் நண்பருடைய வாகனமோ இருமிக் கொண்டிருந்தது. அதைத் தவிர வேறு பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தோம்.

கரையின் மேலே ஏறியதும் பேச்சு நின்று போயிற்று. இடது பக்கம், கரைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டிய வரையில் பச்சை நாற்றுகள். அவற்றுக்கு அப்பால் சூரியன் உதயமாகிக் கொண்டிருந்தான். வலது பக்கம் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். எதிர்க்கரை இருக்குமிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. பத்து மைல் நீளம் கொண்ட இந்தக் கரையை மனிதர்கள் கூடையில் மண் சுமந்து கட்டினார்கள் என்று சரித்திர வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறோம். சொல்லும்போது அது ஒரு வாக்கியம். அதன்மேல் அரை மணி நேரம் வண்டியில் போயும் முடிவைக் காணாதபோதுதான் கூடைகளின் எண்ணிக்கை புத்தியில் உறைக்கிறது.

907 முதல் 955 வரையில் சோழ நாட்டை ஆண்ட முதற் பராந்தகனுடைய காலத்து ஏரி இது. வீரநாராயணன் என்பது அவனுடைய விருதுப் பெயர். வீரநாராயணன் ஏரி என்பதே ஜனங்களின் வாயில் உருண்டு உருண்டு வீராணம் ஆயிற்று. தென்கோடியில் உள்ள காட்டுமன்னார்கோவிலுக்கும் பழைய பெயர் வீரநாராயணபுரந்தான். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்தளித்த நாதமுனிகள் அவதரித்த ஊர் அது. ஏரிக்கு எழுபத்து நான்கு மதகுகள் இருந்தனவாம். அதைக் கண்டே ஸ்ரீ ராமானுஜர் எழுபத்து நான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்று வைஷ்ணவர்கள் ஒரு வரலாறு சொல்வார்கள். இன்று அத்தனை மதகுகள் இல்லை. இருப்பவை சுமார் 45,000 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

நடுவழியில் நமது படிப்பு ஒரு முறை சந்தி சிரித்தது. வீராணத்தின் நீர்மட்டம் 47.50 அடி ஆகிவிட்டது, ஏரி நிறைந்துவிட்டது என்று பத்திரிகைகளில் வருகிறதல்லவா? ஆகவே நாம் கரையோரத்தில் சற்றுப் பின்வாங்கியே நின்று, "நாற்பத்தேழு அடி ஆழம்! இறங்கினால் திரும்பி வர முடியுமா?" என்று கேட்டோம். நண்பர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். 47.50 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரமாம். ஏரி அகலமானதே தவிர ஆழமானதல்ல. நிறைந்திருக்கும்போதுங்கூடப் பல இடங்களில் ஆள் மட்டத்துக்கு மேல் தண்ணீர் இராது. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அவ்வளவு தண்ணீரும் பெரும்பாலும் காவேரியிலிருந்து வருவது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் நின்று, வடவாறு என்னும் கால்வாய் வழியாக இங்கே வந்து சேருகிறது. மழைக் காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் தங்கள் பங்கைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. மீன் நிறைந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வரும் ஓடைக்குக் கருவாட்டு ஓடை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும்.

நமக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. சிறு பிராயத்தில் பஸ்ஸில் போகும்போது சாலை ஓரத்தில் ராட்சதக் குழாய்கள் வரிசையாகக் கிடக்கும். 1960-களின் பிற்பகுதியில் வகுத்த வீராணம் திட்டத்துக்காகச் செய்து, திட்டம் நின்று போனதால் வெயிலிலும் மழையிலும் கிடந்தவை. சில குழாய்களுக்குள் ஏழைகள் குடித்தனமே நடத்தினார்கள். "குழாய் வந்துவிட்டது, தண்ணீர் எப்போது வரும்?" என்று நாம் கேட்டதற்குப் பெரியவர்கள் பதில் சொல்லவில்லை. பதில் வர 2004 ஆயிற்று. இப்போது சேத்தியாத்தோப்பிலிருந்து தண்ணீரை ஏற்றி, வடக்குத்தில் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். சுமார் 230 கிலோமீட்டர் பிரயாணம். நாம் பஸ்ஸில் தூங்கிக் கொண்டு வந்தபோது நமது வீட்டுத் தண்ணீர் எதிர்த் திசையில் போய்க் கொண்டிருந்தது.

*

ஏரி மீனுக்குக் குத்தகை உண்டு. நண்பர் முன்கூட்டியே குத்தகைதாரரின் ஆளிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த ஆள் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவர் தூண்டில் போட்டு எங்கள் மீன் குறைந்துவிடாது, தாராளமாகப் போடட்டும்" என்று அனுமதி தந்தார்.

காலையில் கரையின் உட்சரிவில், கற்களின்மேல் உட்கார்ந்தோம். மூங்கில் கழி, நைலான் நரம்பு, நெட்டியில் சீவிய தக்கை, கொட்டாங்கச்சியில் ஈர மண்ணும் மண்புழுவும். இவ்வளவே சாமக்கிரியை. புழுவை முள்ளில் கோப்பது எம்.ஏ. பரீட்சையைக் காட்டிலும் கடினமான காரியம். மூன்று புழுக்களை ஏரிக்குத் தானமாகக் கொடுத்த பிறகே நான்காவது புழு முள்ளில் நின்றது.

தூண்டில் போடுகிறவன் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. வகுப்பில் நாற்பது குழந்தைகளை ஒரே சமயத்தில் கவனித்துப் பழகிய கண், ஒரு தக்கையை மாத்திரம் பார்த்துக் கொண்டிருக்கச் சம்மதிக்கவில்லை. நாரை எழுந்தால் நாரையைப் பார்க்கும். தூரத்தில் லாரி டயரின் குழாயில் காற்றடைத்து அதன்மேல் உட்கார்ந்து வலை விரிக்கும் மனிதரைக் கண்டால், அவர் கவிழ்வாரா மாட்டாரா என்று காத்திருக்கும். அதற்குள் தக்கை முழுகி எழுந்திருக்கும். முள் வெறுமையாய் வரும். நண்பர் பக்கத்தில் பன்னிரண்டு கெண்டைகள் சேர்ந்தபோது நம் பக்கத்தில் இரண்டு சேர்ந்திருந்தன. இரண்டும் விரல் நீளம்.

பிறகு கை அகலத்தில் ஒன்று மாட்டிற்று. நாம் குதூகலித்தோம். நண்பர், "ஜிலேபி" என்று உற்சாகமில்லாமல் சொன்னார். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலேப்பியா மீனைத்தான் நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிறார்கள். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டு வந்தது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். ஆகையால் எந்தக் குளத்தில் விட்டாலும் பெருகி, அங்கிருந்த பழைய குடிகளை நெருக்கிவிடும். இதற்கு நேர் மாறானது கட்லா. வட நாட்டுப் பெரிய நதிகளின் மீன் அது. லட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும். அதுவும் ஓடும் வெள்ளத்திலேதான் முட்டையிடும்; தேங்கிய நீரில் இடாது. 1957-ல் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி கட்லாவின் உறவுமுறையைச் சேர்ந்த கெண்டைகளுக்குச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் குளத்து நீரிலேயே முட்டையிடச் செய்தார். அதன் பிறகுதான் ஏரிகளில் விடுவதற்கு வேண்டிய மட்டும் குஞ்சு கிடைத்தது. இந்தச் செய்தியை நாம் நண்பருக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே பதின்மூன்றாவது கெண்டையை இழுத்தார்.

"விரால் கிடைக்காதா?" என்று கேட்டோம்.

"அதற்கு மேற்குப் பக்கம் போக வேண்டும். கோரையும் சம்பும் அடர்ந்த இடத்தில் இருக்கும். மத்தியானம் போகலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், வாத்தியாரே. சிவப்பாய்த் தண்ணீர் கொதிக்கிற மாதிரி எங்கேயாவது தெரிந்தால் அந்தப் பக்கம் தூண்டிலைக் கொண்டு போகாதே. அது விரால் குஞ்சு. ஆயிரக்கணக்கில் ஒன்றாய்த் திரியும். பெரியது கீழே காவல் இருக்கும். குஞ்சு கறுத்துத் தானாய்ப் பிழைக்கிற வரைக்கும் அதைப் பிடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது."

நாம் தலையை ஆட்டினோம். வகுப்பில் பிள்ளைகள் எப்படித் தலையை ஆட்டுவார்களோ, அப்படி.

*

ஏரியைச் சுற்றிக்கொண்டு மேற்குப் புறம் போய்ச் சேருவதற்குள் உச்சிப் பொழுது கடந்துவிட்டது. நண்பரின் வீட்டு அம்மாள் கட்டிக் கொடுத்திருந்த புளிச்சோற்றையும் வறுத்த நிலக்கடலைத் துவையலையும் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தத் துவையலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

அங்கே ஏரிக்கு வேறு முகம். அலையும் இல்லை, கல்லும் இல்லை. கோரைப் புதர்களுக்கு நடுவே தண்ணீர் சந்து சந்தாகப் புகுந்து தூங்கிக் கொண்டிருந்தது. நண்பர் ஒரு ரப்பர்த் தவளையை எடுத்து நம் தூண்டிலில் கட்டினார். இப்போது கடைகளில் விற்கிறார்களாம். உயிருள்ள தவளையைக் கோக்க வேண்டியிராததில் நமக்குப் பரம சந்தோஷம். தவளையைத் தண்ணீரின்மேல் தத்தித் தத்திப் போகும்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் நம் தவளை தத்திற்று. விரால் ஒன்றும் அதைச் சீந்தவில்லை. "அரை மைல் தள்ளி ஒரு டீக்கடை இருக்கிறது. வாங்கி வருகிறேன்" என்று நண்பர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன ஐந்தாவது நிமிஷம் அதைப் பார்த்தோம்.

பத்தடிக்கு அப்பால், ஒரு முறத்தின் அகலத்துக்குத் தண்ணீர் செக்கச் சிவந்திருந்தது. தூறல் விழுவது போல் அந்த இடம் மட்டும் துடித்தது. நெருப்புக் குச்சி நீளங்கூட இல்லாத குஞ்சுகள் நூறு நூறாய் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போயின. விரால் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் மூச்சுத் திணறிச் சாகும் ஜாதி. இந்த வித்தையைக் குஞ்சிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் ஒன்று இடைவேளையில் குடிநீர்க் குழாயடிக்கு வந்தது போலவே இருந்தது. அழகான காட்சிதான். பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

நாம் என்ன செய்தோம் என்பதை உள்ளபடியே எழுதிவிடுகிறோம். சுற்றுமுற்றும் பார்த்தோம். இருபத்திரண்டு வருஷமாக, வாத்தியார் முதுகைத் திருப்பியதும் பிள்ளைகள் செய்கிற காரியங்களுக்காக அவர்களைக் கோபித்து வந்திருக்கிறோம். அவர்கள் செய்வதற்கு முன்னால் எப்படிச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அதே மாதிரிதான் பார்த்தோம். காலையிலிருந்து இரண்டு கெண்டையும் ஒரு ஜிலேபியும். வீட்டிலே போய் என்ன சொல்வது? "ஒரு தரம் போட்டுப் பார்ப்போம், எடுக்கவா போகிறது?" என்று மனம் சொல்லிற்று. ரப்பர்த் தவளை அந்தச் சிவப்பின் நடுவில் போய் விழுந்தது.

தண்ணீர் வெடித்தது. கழி வில்லாக வளைந்து கையை விட்டுப் போகப் பார்த்தது. வேண்டிய மட்டும் வழுக்கி விழுந்து, முழங்கால் சேற்றில் புதைய, எப்படியோ அதைக் கரைக்கு இழுத்துப் போட்டோம். இரண்டு கிலோ இருக்கும். கறுப்பு முதுகு, பாம்புத் தலை. அது தவளையைக் கவ்வியது பசியால் அல்ல. குஞ்சுகளின் நடுவே வந்து விழுந்த சத்துருவைக் கடித்துத் துரத்துவதற்காக. இதுவும் நமக்கு அப்போது தெரிந்தே இருந்தது. ஆனாலும் நம் மார்பு நிமிர்ந்துதான் இருந்தது. அதை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தோம்.

நண்பர் டீயுடன் வந்தார். சாக்கு அசைவதைப் பார்த்தார். "அடே, விராலா! எங்கே எடுத்தாய்?" என்றார்.

"அதோ" என்று, எதிர்ப் பக்கத்துக் கோரையைக் கையால் காட்டினோம்.

அவர் நாம் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். முறம் போல் இருந்த சிவப்பு மூன்று துண்டாகச் சிதறி, திசை தெரியாமல் கோரைக்குள் முட்டிக் கொண்டிருந்தது. மூன்று நீர்க்காகங்கள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. அவை முழுகி எழும்போதெல்லாம் ஒரு துண்டு சற்றுச் சுருங்கிற்று. கரையோரம் நின்ற ஒரு கொக்குக்கு அன்று கல்யாண விருந்து.

நண்பர் டீயை நம் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் சமாளித்திருப்போம். டீயை ஒரு வாய் குடித்தோம், இறங்கவில்லை. "இங்கேதான் எடுத்தேன்" என்றோம்.

"தெரிகிறது" என்றார்.

சாக்கைப் பிரித்து, நனைந்த கையால் மீனைப் பிடித்து, முள் கிழித்த இடத்தைப் பார்த்தார். "உதட்டோடு போயிற்று. பிழைக்கும்" என்று சொல்லி, சேற்றில் இறங்கி, குஞ்சுகள் இருந்த இடத்துக்கு அருகிலேயே அதை விட்டார். அது ஒரு கணம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பிறகு வாலை ஒரு முறை அடித்துவிட்டுக் கலங்கலில் மறைந்தது.

"திரும்பி வந்து காவல் காக்குமா?" என்று கேட்டோம்.

"யார் கண்டது? பயந்து போயிருந்தால் வராது. ஜோடி ஒன்று பக்கத்தில் இருந்தாலும் இருக்கலாம்." பிறகு கரையில் ஏறி, ஒரு கை நிறைய மண்ணாங்கட்டி பொறுக்கிக்கொண்டு வந்து நமக்குப் பாதி கொடுத்தார். "பத்து வயசில் இதே வேலையை நானும் செய்தேன். அப்பா அடிக்கவில்லை. இருட்டுகிற வரைக்கும் பறவை ஓட்டச் சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போனார். மேலே இருந்து வருவதை நாம் பார்த்துக்கொள்வோம். தண்ணீருக்குள்ளிருந்து வருவதை விரால் வந்து பார்த்துக்கொள்ளட்டும்."

ஆகவே நாற்பது வயசு தாண்டிய இரண்டு பட்டதாரிகள் வீராணம் ஏரியின் மேற்கு ஓரத்தில், அன்று மாலை இரண்டு மணி நேரம், நீர்க்காகங்களை மண்ணாங்கட்டியால் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று பார்த்து, "என்ன தம்பி, ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று விசாரித்தார். "ஆமாம் ஐயா" என்று மட்டும் நண்பர் சொன்னார். காலையில் புத்திக்கு வராத கவனம் அப்போது வந்திருந்தது. நாரையும் தெரியவில்லை, டயர்க்குழாய் மனிதரும் நினைவில் இல்லை. அந்தச் சிவப்பை விட்டுக் கண் நகரவில்லை.

வெயில் தணிந்து, கிழக்கே தூரத்துக் கரை கறுக்கத் தொடங்கிய நேரத்தில், சிதறிய துண்டுகள் ஒவ்வொன்றாய் நகர்ந்து வந்து ஒன்றுகூடின. இப்போது முறமளவு இல்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான். அது மெதுவாகக் கோரை ஓரமாய் நகர்ந்தது. அதன் பக்கத்தில் 'குபுக்' என்று ஒரு பெரிய வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போயிற்று.

"அதுதானா?" என்றோம்.

"ஜோடியாகவும் இருக்கலாம்" என்றார் நண்பர். எழுந்து வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார்.

*

திரும்பி வரும் வழியில் கரையோரக் கடை ஒன்றில் மூன்று கிலோ கட்லா ஒன்றை நிறுத்து வாங்கினோம். பணத்தை நாம் கொடுப்பதற்கு நண்பர் அன்று ஆட்சேபம் சொல்லவில்லை. அவர் வீட்டு அம்மாள் அதைக் குழம்பு வைத்து, மிகுந்த துண்டங்களை வறுத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "நீங்கள் பிடித்ததா, அண்ணே?" என்று அவர் கேட்டபோது நண்பர் முந்திக்கொண்டு, "வாத்தியார் பிடித்ததை ஏரியிலேயே விட்டுவிட்டார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதரை நாம் விடுதியில் நான்கு வருஷம் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை என்று பஸ் ஏறிய பிறகு தோன்றிற்று.

அதிகாலையில் வீடு வந்து சேர்ந்தோம். குழாயைத் திறந்து கைகால் அலம்பும்போது முழங்காலில் ஒட்டியிருந்த ஏரிச் சேறு கரைந்து போயிற்று. அதற்குள் மகள் எழுந்து வந்து பொட்டலத்தை முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, தூண்டிலில் பிடித்ததா?"

சமையலறையிலிருந்து அவளுடைய தாயார், "உன் அப்பாவா? கடையில் வாங்கியிருப்பார்" என்றாள்.

"கடையில்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு, மகளை உட்கார வைத்து, சிவந்த தண்ணீரிலிருந்து ஆரம்பித்தோம்.